முடிவு தெரிந்த கதைக்கு ஏன் அழுகிறீர்கள்?

கேள்வி: உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்
2024 ஓகஸ்ட் 4, ஞாயிறு, பகல் 1.10

அக்கா, நீங்கள் போன கிழமை "வாசித்து அழுதுவிட்டேன்" என்று எழுதின கிறிஸ்தவக் காதல் நாவலை நானும் இறக்கி வாசித்தேன். ஒரு விதவை, ஒரு தீயணைப்பு வீரன், ஒரு நாய். மூன்றாம் பக்கத்திலேயே யார் யாரைக் கட்டுவார்கள் என்று விளங்கிவிட்டது. முத்தம் 190ஆம் பக்கத்தில், அதுவும் நெற்றியில். இடையில் நாலு ஜெபம். இது பிரசங்கத்துக்குச் சீனி தடவினதுதானே? முடிவு தெரிந்த கதைக்கு என்னத்துக்கு அழுகிறீர்கள்?

ஓகஸ்ட் 4, இரவு 9.40

நெற்றியில் இல்லை தம்பி, கன்னத்தில். ஒழுங்காக வாசியுங்கோ.

முடிவு தெரிந்தால் அழக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் வாங்கில் இருந்து அழுகிற சனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாதா?

ஓகஸ்ட் 5, இரவு 10.15

நேற்றுக் கொஞ்சம் கோபத்தில் எழுதிவிட்டேன். இன்றைக்கு ஆறுதலாக.

இது நேற்று முளைத்த வகை இல்லை. கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி 1947இல் காலமானபோது நூறுக்கு மேல் நாவல்கள் எழுதி முடித்திருந்தார். பெரும்பாலும் இதே கதைதான்: நல்ல பெண், வழிதவறின பெடியன், நடுவில் ஒரு வேதாகமம். இப்போதைய சந்தைக்குக் கதவைத் திறந்தது கனடாக்காரி ஜெனட் ஓக் 1979இல் எழுதிய "லவ் கம்ஸ் சொஃப்ட்லி". பிறகு ஹார்லெக்வின் கம்பனி, அந்தச் சூடான அட்டைப்படக்காரர்களேதான், 1997இல் "லவ் இன்ஸ்பயர்ட்" என்று ஒரு தனி வரிசை தொடங்கினார்கள். நீங்கள் வாசித்த தீயணைப்புக்காரன் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. குடி, சூது, கெட்ட வார்த்தை, கலியாணத்துக்கு முந்தின படுக்கை ஒன்றும் வரக்கூடாது. அளவு ஏறக்குறைய 55,000 சொற்கள். அதற்குள் இரண்டு பேரும் சந்தித்து, முரண்டுபிடித்து, ஜெபித்து, சேர வேண்டும். வெண்பாவுக்கும் இலக்கணம் இருக்கிறதுதானே. தளை தட்டாமல் எழுதினதற்காக வெண்பாவை யாரும் பிழை சொல்வதில்லை.

நான் ஏன் வாசிக்கிறேன் என்றால், இதை அம்மாவுக்கு முன்னால் வாசிக்கலாம். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஓகஸ்ட் 7, இரவு 8.50

"அவ்வளவுதான்" என்று எழுதினது பொய். இரண்டு நாளாக உறுத்துகிறது.

அம்மாவுக்கு முன்னால் என்று சும்மா சொல்லவில்லை. 2022 மார்ச் மாதக் கடைசி நினைவிருக்கும். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. ரீவி இல்லை, காற்றாடி இல்லை, கடல் பக்கமிருந்தும் ஒரு காற்று வராது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கனடாவிலிருக்கிற சித்தி அனுப்பின பார்சலில் சவர்க்காரம், சொக்கலேற், இந்தப் புத்தகங்கள் பதினொன்று. சார்ஜ் லைற்றைக் கதிரையில் வைத்துவிட்டு நான் ஆங்கிலத்தில் பார்ப்பேன், தமிழில் வாசிப்பேன். அம்மா விசிறியோடு கேட்டுக்கொண்டிருப்பா.

முதல் புத்தகத்தின் அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஆமிஷ் பெண் (பழைய முறையில் வாழ்கிற அமெரிக்கக் கிறிஸ்தவக் கூட்டம்). அம்மா பார்த்துவிட்டு, "இதென்னடி, கன்னியாஸ்திரி கலியாணம் கட்டுறாளோ?" என்றா. நாங்கள் மெதடிஸ்த ஆட்கள், கன்னியாஸ்திரிகளோடு எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் அம்மாவுக்கு ஒரு பதற்றம்.

இரண்டாம் இரவு மாட்டுப்பட்டேன். "ஐ லவ் யூ" வந்துவிட்டது. "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று வாசித்தால் படம். "எனக்கு உன்னில விருப்பம்" என்றால் ரியூஷன் கொட்டிலில் கை மாறின கடிதம். யோசித்து, "நான் உன்னை நேசிக்கிறேன்" என்றேன். அம்மா விசிறியை நிறுத்தினா.

"ஆர் சொல்லுறது? பெடியனோ, கர்த்தரோ?"

நான் சிரித்தேன். பிறகு படுத்துக்கிடந்தபோதுதான் யோசித்தேன், அம்மா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறா. எங்களுக்கு அந்தச் சொல் சின்ன வயதிலிருந்தே இரண்டு பக்கமும் ஓடுகிறது. "என் நேசர் என்னுடையவர், நான் அவருடையவள்" என்று உன்னதப்பாட்டை வாசித்து வளர்ந்த காதுக்கு, இந்த நாவல்கள் கஷ்டப்பட்டுச் சேர்க்கிற இரண்டு நூலும் முதலே முறுக்கித்தான் கிடக்கிறது. கதாநாயகி மனிதனுக்குச் சொல்கிறாளா கடவுளுக்குச் சொல்கிறாளா என்று கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்குமே, அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஓகஸ்ட் 7, இரவு 9.05

பதினொன்று இல்லை, ஒன்பது. மற்ற இரண்டும் சமையல் புத்தகம்.

ஓகஸ்ட் 10, சனி, மாலை

தம்பி மறுபடியும் "முடிவு, முடிவு" என்று நிற்கிறார். அவருக்காக ஒரு சாட்சியம்.

போன வருஷம் திருகோணமலை ஃபிரெட்றிக் கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் கச்சான் பையும் புத்தகமுமாக இருந்தேன். ஊர் ஆட்களுக்கு அங்கத்தைய மான்களைத் தெரியும்: சுற்றுலாக்காரர் கொடுத்துக் கொடுத்து, வெட்கம் கெட்ட மான்கள். கச்சான் பைக்கு வந்தது, நான் பையை இழுத்தேன், அது புத்தகத்தைப் பிடித்தது. பிடுங்கிப் பார்த்தால் கடைசி அத்தியாயத்தில் மூன்றரைத் தாள் இல்லை. கலியாணத்தை மான் தின்றுவிட்டது.

எனக்கு ஒரு நட்டமும் இல்லை. கலியாணம் நடந்திருக்கும் என்று தெரியும். ஆனால் மான் வருமுன்னம் நான் எங்கே நின்று வாசித்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். கடைசிக்கு இரண்டு அத்தியாயம் முன்னால். அங்கே அவன் மழைக்குள் நின்று, "நான் செய்தது பிழை. சாட்டுச் சொல்ல வரயில்லை. பிழை எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்கிறான் (தமிழ் என்னுடையது). அந்தப் பக்கத்தை நான் மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன். மான் அதைத் தின்றிருந்தால் திரும்ப வாங்கியிருப்பேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு, பகல்

மேலே எழுதினதைத் தொடருமுன், கிண்ணியாவிலிருந்து எழுதுகிற தங்கச்சிக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. "எங்கட பக்கத்திலயும் நிக்காஹ்வுக்குப் பிறகு விரும்பத் தொடங்குற கதைகள்தான் ஓடுது, உங்கடயும் அதேதானோ?" என்று கேட்டிருந்தா.

அதேதான். ஜெனட் ஓக்கின் அந்த 1979 கதையை எடுங்கோ. மேற்குப் பக்கம் குடியேறப் போகும் வழியில் புருஷன் செத்துப்போகிறான். வயிற்றில் பிள்ளையோடு தனித்து நிற்கிற மார்ட்டியிடம் மனைவியை இழந்த கிளார்க் வந்து, என் மகளுக்குத் தாய் வேண்டும், பெயருக்குக் கட்டுவோம், வசந்தத்தில் வண்டிகள் திரும்பிப் போகும்போது உனக்குப் போக விருப்பமென்றால் செலவு நான் தருவேன் என்கிறான். அமெரிக்க வாசகிக்கு அது பழங்காலத்துப் புதினம். எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி. கலியாணம் முதல், கதைபேச்சு பிறகு. என்ரை சொந்த மச்சாள் கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளையோடு கதைத்தது மொத்தம் இருபது நிமிஷம், அதில் பாதி அவருடைய தம்பியின் விசா.

ஒரு வித்தியாசம்: கிளார்க் திரும்பிப்போகச் செலவு தருகிறேன் என்கிறான். அந்த ஒரு வரிக்காகவே அவனைக் கட்டலாம்.

சீதனம் ஏன் இந்த நாவல்களில் இல்லை என்றும் கேட்டிருந்தா. இருக்கிறதே! கதாநாயகி ஊர் திரும்பும்போது செத்துப்போன பாட்டி ஒரு பேக்கரியோ, விருந்தினர் விடுதியோ, கூரை ஒழுகுகிற பெரிய வீடோ எழுதிவைத்திருப்பா. மாப்பிள்ளை வந்து கூரை போடுவான். இது எங்கட கிழக்கு மாகாண வழக்கமில்லாமல் வேறென்ன? பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறவர். அந்த வீடு கட்ட யாரும் பத்து வருஷம் மத்திய கிழக்கில் கிடக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஓகஸ்ட் 11, இரவு

இப்போது மழைக்குள் நின்றவனுக்கு வருவோம்.

அலமாரியிலிருந்து எட்டுப் புத்தகம் இறக்கி, கதாநாயகன் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற பக்கத்தைத் தேடினேன். ஏழில் இருக்கிறது. எட்டாவதில் அவன் கடிதம் எழுதுகிறான், அதையும் சேர்க்கலாம். முத்தம் இல்லாமல் இந்த நாவல் நிற்கும், மன்னிப்பு இல்லாமல் நிற்காது. அவன் முதலில் கடவுளிடம் தனியே கேட்கிறான், களஞ்சியத்திலோ லொறிக்குள்ளோ. பிறகு அவளிடம். அந்த வரிசை முக்கியம். ஒரு ஆம்பிளை தனக்கு மேலே ஒருத்தர் இருக்கிறார் என்று ஒத்துக்கொண்ட பிறகு, ஒரு பொம்பிளைக்கு முன்னால் குனிவது அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நான் வளர்ந்த வீட்டில் "மன்னிச்சுக்கொள்" என்ற சொல்லை ஆம்பிளைகள் வாயால் கேட்டதில்லை. கர்த்தருடைய ஜெபத்தில் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார்கள், வீட்டில் இல்லை. அப்பா ஒரு சிநேகிதருக்குப் படகு எஞ்சின் கடனுக்குப் பிணை நின்றவர். 1993. யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடைக்கு மேல் தடை இருந்த காலம், படகு கரையில் கிடந்தது, கடன் எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பா அம்மாவிடம் கேட்காமல் தாலிக்கொடியை அடகு வைத்தார். புறா போட்ட தாலி. அம்மா குளிக்கும்போது கழற்றி அலுமாரித் தட்டில் வைக்கிறவ, திரும்பி வந்து பார்த்தால் தட்டில் சவர்க்காரப் பெட்டி மட்டும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு சொப்பின் பையில் களப்பு இறால் கொண்டுவந்து குசினித் திண்ணையில் வைத்தார். அதற்கடுத்த சனியும். அதற்கடுத்ததும். தாலியை மீட்க ஆறு வருஷம், அந்த ஆறு வருஷமும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் இறால்தான். நாங்கள் பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். எனக்கு இருபது தாண்டித்தான் விளங்கியது, நாங்கள் சாப்பிட்டது அப்பாவின் மன்னிப்பை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள், இது வராமல் இருக்காது: மருதத்திணையில் தலைவன் பிழை விட்டுவிட்டுத் தான் நேரே வரமாட்டான். பாணனை அனுப்புவான், தோழியைப் பிடிப்பான். இப்படித் தூது போகிறவர்களுக்கு வாயில் என்று பெயர். எங்கட அப்பாவின் பாணன் இறால்.

ஓகஸ்ட் 12, காலை 6.20

ஒரு தமிழாசிரியர் (ஓய்வு) தனியே எழுதித் திருத்தியிருக்கிறார்: வாயில்கள் பாணனும் தோழியும் மட்டுமில்லை, தொல்காப்பியம் கற்பியலில் பன்னிரண்டு பேரைச் சொல்கிறது, விருந்தினரும் அதில் அடக்கம். சரி சேர். விருந்தினர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் அப்பா திடீர் திடீரென்று ஆராதனை முடிய யாரையாவது சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். வந்தவர்களுக்கு முன்னால் அம்மா சிரிக்கத்தானே வேண்டும். தொல்காப்பியம் வாசியாத மனுஷன்!

பன்னிரண்டோடு இறாலையும் சேர்த்தால் பதின்மூன்று.

ஓகஸ்ட் 14, இரவு

திருக்கடலூர்ப் பக்கத்து என் சிநேகிதி (கோணேசர் பக்தை, வெள்ளிக்கிழமை தவறாது) கேட்கிறா: "கடவுளைக் காதலுக்குள்ள கொண்டு வாறது பெரிய புதுமையோ? ஆண்டாள் எப்பவோ செய்திட்டா."

இல்லை மச்சாள், இது வேறு. ஆண்டாளுக்குக் கடவுள்தான் தலைவன். இந்த நாவல்களில் கடவுள் தலைவனாக வருவதில்லை, அப்படி வந்தால் தீயணைப்புக்காரனுக்கு வேலையில்லை. கொஞ்சம் யோசித்தால், இங்கே கடவுள் பார்க்கிறது தோழியின் உத்தியோகம். தலைவி இரவில் அவரிடம்தான் புலம்புகிறாள். தலைவனை வாசலில் நிற்பாட்டி, உன் எண்ணம் என்ன, கட்டுவியா மாட்டியா என்று நெருக்குகிறவரும் அவர்தான். நாங்கள் வகுப்பில் அதை வரைவு கடாதல் என்று படிப்பிக்கிறோம். கடைசியில் தாயிடமும் ஊரிடமும் விஷயத்தை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்கிறவரும் அவர்தான், போதகரின் வாய் வழியாக.

அதனால்தான் தனிய இருக்கிற பெண்களுக்கு இது பிடிக்கிறது என்று நினைக்கிறேன். தலைவன் கிடைக்கிறானோ இல்லையோ, முதல் பக்கத்திலிருந்து ஒரு தோழி இருக்கிறா. எனக்கு நாற்பத்தாறு, கட்டவில்லை, கட்டுகிற யோசனையும் இல்லை. மாப்பிள்ளைக்காக நான் வாசிக்கவில்லை. இராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் குசினி மேசையில் தலையை வைத்துக்கொண்டு "நான் என்ன செய்யிறது?" என்று கேட்க, யாரோ காது கொடுக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.

ஓகஸ்ட் 14, இரவு, பிந்தி

தம்பி: "அப்ப கடவுள் பொம்பிளையோ?"

படுங்கோ தம்பி.

ஓகஸ்ட் 19, திங்கள், போயா

ஐந்து நாள் எழுதவில்லை. மேலே எழுதினதையெல்லாம் திரும்ப வாசித்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு ஆளை வேண்டுமென்றே வெளியே விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

ஒரு காலத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தா. எந்தச் சபை என்று சொல்லமாட்டேன், எங்களுடையது இல்லை. புருஷன் அடிக்கிறவன். குடித்தால் அடிப்பான், விடிந்தால் அழுவான். வாய்விட்டு மன்னிப்புக் கேட்பான், முழங்காலில் நின்று, பிள்ளைகளுக்கு முன்னால். சபையில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது என்று வசனம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்த அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான், மொக்கு, மூன்று நாவல் கொடுத்தேன். அவவுக்கு ஆங்கிலம் நல்லாத் தெரியும். ஒரு கிழமையில் திருப்பித் தந்தா. "நல்லா எழுதியிருக்கினம்," என்றா. பிறகு பையை என் கையில் வைக்கும்போது, "இதில எல்லாரும் மன்னிக்கினம்," என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

மழைக்குள் நின்று அழுகிறவனைப் பற்றி நான் எழுதினதை அந்த அக்கா வாசித்தால் என்ன நினைப்பா?

இந்த வகையில் மிகப் பெரிய பெயர் எடுத்தது ஃபிரான்சின் ரிவர்ஸின் "ரிடீமிங் லவ்". 1997இல் வந்தது. வேதாகமத்தில் வழிதவறின மனைவியைத் திரும்பச் சேர்த்த ஓசியா தீர்க்கதரிசியின் கதையைத் தங்கம் தோண்டப் போன கலிபோர்னியாவில் கொண்டுபோய் வைத்திருக்கிறா. சின்ன வயதில் விற்கப்பட்ட பெண், அவளைக் கட்டுகிற விவசாயி, அவள் ஓட ஓட விடாமல் நேசிக்கிற கதை. நானும் அழுதேன், சித்தியும் அழுதா, ரொறன்ரோவில் சித்தியின் ஜெபக்குழு முழுக்க அழுததாம். முழுதாக அறியப்பட்ட பிறகும் தள்ளப்படாமல் இருப்பது என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அது பொய்யில்லை.

ஆனால் போயா லீவில் இன்று ஓசியாவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் அதிகாரத்தில் அவன் அவளைப் பதினைந்து வெள்ளிக்காசுக்கும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமைக்கும் திரும்ப வாங்குகிறான். வாங்கிவிட்டு, அநேகநாள் எனக்காகக் காத்திரு என்கிறான். அவள் என்ன சொன்னாள்? அந்த அதிகாரத்தில் ஒரு பதிலும் இல்லை. அதிகாரம் முழுக்கவே ஐந்து வசனம்தான்.

எங்கட பழைய பாட்டுகளில் அந்தப் பதில் இருக்கிறது. தலைவன் அனுப்பின பாணனைத் தலைவி வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். வாயில் மறுத்தல், அதற்கென்று ஒரு துறையே வைத்திருக்கிறார்கள். கடைசியில் பெரும்பாலும் சேர்ந்துதான் போகிறாள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் "போ, சொல்லாதே, எல்லாம் எனக்குத் தெரியும்" என்று நிற்கிற அந்த ஒரு பாட்டு அவளுக்கென்று முழுதாக இருக்கிறது. லவ் இன்ஸ்பயர்டின் 55,000 சொல்லுக்குள் அதற்கு இடமில்லை. அவன் கேட்ட அடுத்த அத்தியாயத்தில் இவள் மன்னித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மான் தின்னக் கலியாணம் இருக்காது.

ஓகஸ்ட் 20

திருத்தம். "ரிடீமிங் லவ்" முதலில் வந்தது 1991இல், பொதுச் சந்தைப் பதிப்பாக. நான் சொன்ன 1997 கிறிஸ்தவப் பதிப்பகம் திருத்தி மறுபடி போட்ட வருஷம். சித்தி கனடாவிலிருந்து அழைப்பெடுத்துச் சொன்னா. "எழுதுறதெண்டால் சரியா எழுது" என்றும் சொன்னா.

ஓகஸ்ட் 24, சனி, இரவு

இன்று அம்மாவுக்கு ஒரு அத்தியாயம் வாசித்தேன். கரண்ட் இருந்தாலும் இப்போது பழக்கமாகிவிட்டது. குதிரைப் பண்ணைக்காரன், ஒன்றரைப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்கிறான். நல்ல எழுத்து. தமிழில் எனக்கே குரல் தழுதழுத்தது. அம்மா ஒன்றும் பேசாமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. முடித்துவிட்டு, எப்படி என்று கேட்டேன்.

"இவ்வளவு கதைக்கிறவன் திரும்பவும் செய்வான்."

"அம்மா!"

"உன்ரை கொப்பர் ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. திரும்பச் செய்யவும் இல்லை."

அப்பா போய் எட்டு வருஷம். எனக்கு வாக்குவாதம் பண்ணவேணும் போல இருந்தது. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்காதா, ஒருக்காவாவது? அம்மா யோசித்தா. யோசித்துவிட்டு, "சொல்லியிருந்தால் நானும் சரியெண்டு சொல்லவேண்டி வந்திருக்கும். அப்ப எனக்குச் சரியா இருக்கேல்ல," என்றா.

இரண்டு கிழமையாக நான் இங்கே மன்னிப்பு என்று எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் கேட்கிற வாயைப் பற்றித்தான். கேட்கப்படுகிறவளுக்கு அது ஒரு நெருக்கடி என்று எனக்கு ஓடவே இல்லை. இறால் பதில் கேட்காது. பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடலாம்.

பிறகு அம்மா சொன்னதுதான் எனக்கு முழுப் புதினம். அந்த முதல் மூன்று சனிக்கிழமையும் அவ இறாலைச் சமைக்கவே இல்லையாம். பையை அவிழ்க்காமல் அப்படியே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாவாம். எங்களுக்குப் பருப்பும் முட்டையும். நான் நினைவு வைத்திருக்கிற இறால் நாலாவது சனியிலிருந்து தொடங்கினது. முதல் சனியிலிருந்தே சாப்பிட்டோம் என்று மேலே எழுதியிருக்கிறேன், பிழை.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

தம்பி, எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் மாறிவிட்டீர்களோ? ஜெனட் ஓக்கில் தொடங்குங்கோ, சின்னப் புத்தகம். திரும்பிப்போகச் செலவு தருகிறேன் என்கிற இடத்தைக் கவனியுங்கோ. முத்தத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாய் கேட்டீர்கள் என்றால் வேறு சொல்கிறேன்.

நாலாவது சனி என்ன கறி வைத்தா என்று கிண்ணியாத் தங்கச்சி கேட்டிருந்தா. அம்மாவிடம் கேட்டேன். கத்தரிக்காய் போட்ட இறால் குழம்பாம். "புளி கூடிப்போச்சு," என்றா. நான் எழும்பிப் போகப் பார்த்தேன்.

"தெரியாமல் போடேல்ல. வேணுமெண்டுதான். கொப்பர் ஒண்டும் சொல்லாமல் கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டவர்."